கூண்டுப் பறவையும் சிங்கக் குட்டியும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தை ஆசிரியரிடம் ஒரு சொல் சொல்லிச் செல்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்." சொன்னவர் கொடியவர் அல்லர். மகன் முன்னுக்கு வரவேண்டும் என்னும் ஆவலே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. ஆயினும் அத்தொடரை ஒரு செய்யுளின் அடியைப்போல் எடுத்துவைத்துப் பொருள் கண்டால் திடுக்கிட நேரும். தோல் உரிக்கப்படுவது ஆடும் மாடும். அவையுங்கூட உயிர் போன பின்னரே உரிக்கப்படுகின்றன. அன்புள்ள தந்தை ஒருவர் தம் பிள்ளையைக் கொலைக்களத்துச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியரும் புன்னகைக்கிறார்.

அணி என்பது செய்யுளுக்குப் பூட்டும் நகை என்றே நம்மில் பலரும் இலக்கண வகுப்பில் கற்றோம். நகையைக் கழற்றி வைக்கலாம், உடலுக்குக் குறைவில்லை. குழந்தையைப் பற்றிய உவமைகளை அவ்வளவு எளிதில் கழற்றிவிட இயலாது. பிள்ளையை எதனோடு ஒப்பிடுகிறோமோ, அதனை நடத்தும் முறையிலேயே பிள்ளையையும் நடத்தத் தொடங்குகிறோம். மாடு என்றால் கயிறும் கோலும் வந்துவிடுகின்றன. களிமண் என்றால் பிசையும் கை வருகிறது. செடி என்றால் நீரும் வேலியும் வருகின்றன. இவ்விடத்தில் உவமை ஒரு தீர்ப்பு.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க, பள்ளிக்கூடத்தால் வாடிய சிறுவர் இருவரின் குரலாக அமைந்த இரண்டு கவிதைகளை அருகருகே வைத்து நோக்கலாம். ஒன்று, ஆங்கிலப் புனைவியல் இயக்கத்தின் முன்னோடியாகிய வில்லியம் பிளேக் பாடிய 'பள்ளிச் சிறுவன்'. மற்றொன்று, இளமையில் 'ஷெல்லிதாசன்' என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்ட நம் பாரதியார் தம் சுயசரிதையாகப் பாடிய 'கனவு'.

பந்தரும் மழையும்

பிளேக் (1757–1827) இலண்டன் நகரத்துக் காலுறை வணிகர் ஒருவரின் மகன். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு மிகச் சிறிதே வாய்த்தது. பெரும்பாலும் வீட்டில் தாயிடமே கற்றார். பத்து வயதில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ச் செம்புத் தகட்டில் சித்திரம் வெட்டும் கலைஞர் ஒருவரிடம் ஏழாண்டுகள் தொழில் பயின்றார். 1789ஆம் ஆண்டில் தாமே எழுதி, தாமே செம்பில் பொறித்து, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்ட 'மாசின்மைப் பாடல்கள்' என்னும் தொகுதியில்தான் இப்பாடல் முதலில் இடம்பெற்றது. 1794இல் 'பட்டறிவுப் பாடல்கள்' வெளிவந்த பின்னர், பிற்காலப் படிகளில் இதனை அத்தொகுதிக்கு மாற்றினார். பேசுவது சிறுவன், பேசப்படுவதோ காலத்துக்கு முன்பே அவனுக்கு வந்துசேர்ந்த துன்பம். ஆகவே இரண்டு தொகுதிகளின் எல்லையில் நிற்கும் பாடல் இது எனலாம்.

ஐந்தடிகள் கொண்ட ஆறு பாடற்பகுதிகள். முதல் மூன்றும் சிறுவனின் நேரான பேச்சு. கோடைக்காலத்து விடியலில் எழுவது அவனுக்குப் பேரின்பம். மரந்தோறும் பறவைகள் பாடுகின்றன. தொலைவில் வேட்டைக்காரனின் ஊதுகொம்பு ஒலிக்கிறது. வானம்பாடி அவனோடு சேர்ந்து பாடுகிறது. அத்தகைய காலையில் பள்ளிக்குச் செல்லவேண்டியிருக்கிறது. கொடிய கண்ணொன்றின் கீழ்ப் பெருமூச்சும் கலக்கமுமாகப் பகல் கழிகிறது. அவன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறான்.

மூன்றாம் பகுதியின் இறுதியில் வரும் ஓர் உருவகம் பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. கல்வியை ஒரு கொடிப்பந்தராகப் பிளேக் காண்கிறார். அப்பந்தரில் சிறுவனால் இருக்க முடியவில்லை. இடைவிடாத சோர்வு மழையால் அவன் நைந்துபோயிருக்கிறான். இவ்வுருவகத்தை விட்டுவிட்டுப் படிப்பவர்கள், பிளேக் கல்வியையே வெறுத்தவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெறுத்தவராயின் கல்வியைச் சிறை என்றோ சுரங்கம் என்றோ சொல்லியிருப்பார். அவர் சொன்னது, நிழலும் மலரும் தரும் பந்தர். குற்றம் பந்தரின்மேல் இல்லை. அதனுள் பெய்யும் மழையின்மேல். கற்பிக்கும் முறையைத்தான் கவிஞர் குறை கூறுகிறார்.

நான்காம் பகுதியில் சிறுவனின் 'நான்' மறைந்துவிடுகிறது. இன்பத்துக்கென்றே பிறந்த பறவை கூண்டில் அமர்ந்து எவ்வாறு பாடும் என்று கேட்கிறார். அடுத்து, அச்சம் வருத்தும்போது குழந்தை வேறென்ன செய்யும் என்று வினவுகிறார். 'போல' என்னும் உருபு இல்லாமலே இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒப்புமையை நம்மிடமே விட்டுவிடும் இம்முறையைத் தமிழில் எடுத்துக்காட்டுவமை என்போம். அதோடும் அவர் நிற்கவில்லை. குழந்தை தன் மெல்லிய சிறகைத் தொங்கவிடுகிறது என்று முடிக்கிறார். பறவையும் குழந்தையும் தனித்தனியே நின்ற நிலை போய், குழந்தைக்கே சிறகு முளைத்துவிடுகிறது; உவமை உருவகமாகிறது. முன் பகுதியில் தலை கவிழ்ந்திருந்த சிறுவனுக்கு வழங்கிய அதே வினைச்சொல்லையே இங்குச் சிறகுக்கும் வழங்குகிறார் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

இறுதி இரண்டு பகுதிகளும் ஒரே நீண்ட வினா. தந்தையையும் தாயையும் விளித்து, அரும்புகள் கிள்ளப்பட்டு, மலர்கள் காற்றில் உதிர்க்கப்பட்டால், கோடை எவ்வாறு மகிழ்வோடு வரும், கனிகள் எவ்வாறு தோன்றும், குளிர்காலப் புயல் வீசும்போது கையில் என்ன எஞ்சும் என்று கேட்கிறார். கோடைக் காலையில் தொடங்கிய பாடல் குளிர்காலத்தில் முடிகிறது. ஒரு பள்ளி நாளுக்குள் ஓர் ஆண்டே கழிந்துவிட்டது. ஒரு வாழ்நாளே கழிந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இவ்வினா ஆசிரியரை நோக்கி எழுப்பப்படவில்லை. பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரை நோக்கியே எழுகிறது.

சிங்கத்துக்குப் புல்

பாரதியாரின் 'கனவு' 1910இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டே சென்னை அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. பாடும்போது அவர் முப்பதைத் தொடவில்லை. ஐந்து வயதில் தாயை இழந்தவர். பதினைந்து வயதில் தந்தை சின்னசாமி ஐயரையும் இழந்தவர்.

பிளேக்கின் சிறுவனுக்குப் பறவைகளும் வானம்பாடியும் துணையிருந்தன. எட்டயபுரத்துச் சிறுவனுக்கோ அத்துணையும் இல்லை. ஒத்த வயதுப் பிள்ளைகள் குளத்தில் நீந்தியும் மரமேறியும் திரிய, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெருவிளையாட்டு எதிலும் சேராமல், நூல்களோடு தனித்திருந்து வருந்தியதைப் பாரதியார் பதிவு செய்கிறார். அதன் பிறகே திருநெல்வேலியில் ஆங்கிலக் கல்வி கற்க அனுப்பப்பட்ட செய்தி வருகிறது. அங்கேதான் உவமைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. சிங்கக் குட்டியைப் புல் தின்னுமாறு விடுப்பதைப் போன்றது அது என்கிறார். அந்தணச் சிறுவனை இறைச்சி வாணிகத்துக்கு அனுப்புவதைப் போன்றது என்கிறார். அக்கல்வியால் உருவாகும் அடிமைச் சேவகர்களை நரிக்கும், ஒற்றர்களை நாய்க்கும் ஒப்பிடுகிறார்.

பிளேக்கின் பறவைக்குத் தேவை ஒன்றே: கூண்டுக் கதவு திறக்கப்பட வேண்டும். திறந்தால் அது தானே பாடும். பாரதியின் சிங்கக் குட்டிக்குக் கதவைத் திறப்பது மட்டும் போதாது. உரிய உணவும் வேண்டும். அவ்வுணவு எது என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. கம்பனும் காளிதாசனும் வாழ்ந்ததை, வானத்துக் கோள்களை அளந்த பாஸ்கரனின் பெருமையை அப்பள்ளி கற்பிக்கவில்லை என்று பட்டியலிடுகிறார். கணிதம் பயின்றும் வானத்து மீனின் நிலை அறியாதவர்கள், பொருளியல் பேசியும் தம் நாட்டின் வறுமை அறியாதவர்கள் அங்கு உருவாவதாக இடித்துரைக்கிறார். பிளேக்கின் வருத்தம் பறிக்கப்பட்டதைப் பற்றியது. பாரதியின் சினம் ஊட்டப்பட்டதைப் பற்றியது.

அவர் கணக்கை முடிக்கும் விதமும் தனித்தன்மை உடையது. தந்தைக்கு ஆன செலவு ஓராயிரம், தமக்கு வந்த தீமை பல்லாயிரம், கண்ட நன்மை எள்ளளவும் இல்லை என்று வரவு செலவு எழுதி, கோயில்களில் நின்று ஆணையிட்டுச் சொல்வேன் என்கிறார். ஐந்தொகை போட்டுப் பழகிய செட்டிநாட்டார்க்கு இவ்வணி புதிதன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்து, பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாக உயர்ந்த தலைமுறைகள் வாழ்ந்த மண் இது. கல்வியைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்பது இங்கு இயல்பான வழக்கு. பாரதி அந்த வழக்கையே எடுத்து, வரவுப் பக்கத்தில் பணத்தை எழுதாமல் உயிரின் நலத்தை எழுதிக்காட்டுகிறார். 1919 நவம்பரில் அவர் காரைக்குடிக்கு வந்து, 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்தாரின் வரவேற்பைப் பெற்றதை இவ்வூர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. அவரை நினைவுகூர்வோர் அவருடைய ஐந்தொகையையும் நினைவில் வைப்பது நன்று.

தொல்காப்பியரின் தராசு

இவ்வுவமைகளை எடைபோட நமக்கு மேனாட்டுத் தராசு தேவையில்லை. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்று தொல்காப்பியர் உவமவியலில் வகுத்தார். சிறப்பு, நலன், காதல், வலி என்பன அதற்கு நிலைக்களன் என்றார். இழிவுபடுத்தும் நோக்கில் வரும் கிழக்கிடு பொருளை ஐந்தாவதாகச் சேர்த்தார். எதனோடு எது ஒக்கிறது என்பதோடு, எந்த உள்ளத்திலிருந்து அவ்வொப்புமை எழுகிறது என்பதையும் கேட்ட இலக்கண ஆசிரியர் அவர்.

பிளேக்கின் பறவை வினையுவமம். பாடுதலே பொதுத்தன்மை. அவருடைய அரும்பு பயனுவமம். கனிதலே பொதுத்தன்மை. இரண்டுக்கும் நிலைக்களன் காதல். பாரதியின் சிங்கத்துக்கு நிலைக்களன் வலி. அடக்கப்பட்ட ஒரு நாட்டின் பிள்ளைக்குத் தன் வலிமையை நினைவூட்ட அவ்வுவமை தேவைப்பட்டது. நரியும் நாயும் கிழக்கிடு பொருள்.

இறைச்சி வாணிகத்தைப் பற்றிய உவமையை மட்டும் வாதிட்டே ஏற்க வேண்டியிருக்கிறது. வாதிட்ட பின்னும் முழுதும் ஏற்க இயலவில்லை. தமக்கு ஒவ்வாததில் தாம் தள்ளப்பட்டதைச் சொல்ல முனைந்த கவிஞர், நேர்மையாக உழைத்துப் பிழைக்கும் ஒரு தொழிலை இழிவின் அளவுகோலாக்கிவிட்டார். இறைச்சி விற்பவரின் மகனும் அதே பள்ளிக்கு வருகிறான். அவனுக்கு இக்கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்விடத்தில் சற்று நின்று பேசத்தான் வேண்டும். சிங்க உவமையிலும் இதே இடர் மறைந்துள்ளது. யார் சிங்கக் குட்டி, யார் அல்லர் என்பதைப் பிறப்பு முடிவு செய்யுமாயின், அவ்வுவமை ஒரு வாயிலைத் திறந்து பல வாயில்களை அடைத்துவிடும். பாரதியார் பின்னர்ப் 'பாப்பாப் பாட்டு' பாடியபோது சாதி உண்டென்பதை மறுத்து, குழந்தையைச் சிறு பறவையாகத் திரியவிட்டு, படிப்புக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒரு நாளைப் பங்கிட்டுத் தந்தார். தம் இளமையில் தமக்கு மறுக்கப்பட்ட விளையாட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் அறிவுரையாக வைத்தார். 'கனவு' பாடலின் குறைக்கு அவரே எழுதிய மறுமொழியாக அதனைக் கொள்ளலாம். பள்ளியை அவ்வளவு சினந்தவர் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக நின்றவர் என்பதையும் மறவாதிருப்போம்.

இவ்விரு கவிதைகளுக்கும் வெளியே நிற்கும் ஒரு பிள்ளை உண்டு. கூண்டில் அடைக்கக்கூட எவரும் அழைக்காத பிள்ளை அது. பிளேக் அவனையும் அறிந்திருந்தார். புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட சிறுவர்களை அதே தொகுதிகளில் பாடினார். தீப்பெட்டி ஆலைக்கு விடியலில் சென்ற சிவகாசிச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் கூண்டாகத் தோன்றியிராது. திறந்த வானமாகவே தோன்றியிருக்கும். நம் மறைமாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கோயிலை ஒட்டி எழுந்த ஓலைக் கொட்டகையே முதல் எழுத்தைக் கற்பித்த இடம். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். கல்வியை உணவு உவமையால் அளந்த கவிஞரின் ஊரிலேயே, பசியோடு வந்த பிள்ளைகளுக்கு உணவு உவமையாக இல்லாமல் சோறாகவே பரிமாறப்பட்டது. ஆகவே பள்ளி கூண்டா வானமா என்பதை, உள்ளே வரும் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டே சொல்லவேண்டும்.

முருங்கையும் அரும்பும்

பிளேக்கின் செடி உவமைக்கு நேர் எதிரான ஒன்று நம் பழமொழியில் உண்டு: முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும். இரண்டிலும் பிள்ளை செடியே. முடிவுகள் மட்டும் முரண்படுகின்றன. எதனை ஏற்பது?

தோட்டக்காரரைக் கேட்டால் விடை எளிது. முருங்கையில் ஒடிக்கப்படுவது முற்றிய கிளை. அதுவும் காய்ப்பு முடிந்த பின். ஒடித்த இடத்தில் புதிய தளிர் விடும். அரும்பு விட்டிருக்கும் முருங்கையை எவரும் ஒடிப்பதில்லை. பிளேக் பேசுவதோ அரும்பைக் கிள்ளுவதைப் பற்றி. கிள்ளிய அரும்பு கனியாகாது. பழமொழி செய்த பிழை, கிளையின் நியாயத்தை அரும்பின்மேல் ஏற்றியது. ஒப்புமை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று பாராமல் உவமையைப் பயன்படுத்துவோர் அடையும் பிழை அது.

நற்செய்தியிலும் இவ்வுவமை உண்டு. யோவான் 15ஆம் அதிகாரத்தில் தந்தை திராட்சைத் தோட்டக்காரராக நிற்கிறார். கனி தரும் கிளையை மிகுந்த கனி தருமாறு கழித்துவிடுகிறார். கண்டிப்புக்குச் சான்றாக இப்பகுதியை எடுத்துக்காட்டுவோர் அதன் நடுப்பகுதியை மறந்துவிடுகிறார்கள். கழிக்கப்படுவது ஏற்கெனவே கனி தந்த கிளை. கழிப்பவரோ அச்செடியைத் தம் உயிராகக் கருதுபவர். கிளை கொடியோடு இணைந்திருக்க வேண்டும் என்பதே அங்கு மையக் கருத்து. கனி தராத கிளை தறிக்கப்படும் என்பதையும் அவ்வதிகாரம் சொல்கிறது. பிரம்பைக் கைவிடாதே என்னும் நீதிமொழிகளின் அறிவுரையும் விவிலியத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் நெரிந்த நாணலையும் முறிக்காதவர் என்று எசாயா காட்டும் ஊழியரையே ஆண்டவராக ஏற்றவர்கள் நாம். சீடர்கள் தடுத்த குழந்தைகளை அவர் அணைத்து ஆசி வழங்கினார் என்று மாற்கு எழுதுகிறார்.

நம் திருச்சபையின் கல்வி வரலாற்றிலும் இவ்வழியைக் கண்டவர்கள் உண்டு. தூய ஜான் போஸ்கோ (1815–1888) தம் ஒன்பதாம் வயதில் கண்ட கனவைத் தம் நினைவுக் குறிப்புகளில் விவரிக்கிறார். சண்டையிடும் சிறுவர்களை அவர் அடித்து நிறுத்த முயல்கிறார். அடியால் அன்று, கனிவால் அவர்களை வெல்லுமாறு ஒரு குரல் பணிக்கிறது. சிறுவர்கள் நின்ற இடத்தில் காட்டு விலங்குகள் தோன்றுகின்றன. பின்னர் அவை ஆட்டுக்குட்டிகளாகின்றன. பிள்ளைகளுக்குரிய உவமையே மாறிப்போன கனவு அது. 1877இல் அவர் எழுதிய தடுப்புமுறைக் கல்வியின் மூன்று தூண்கள் அறிவு, சமயம், அன்பு. விலங்கை அடக்குபவராக நின்ற சிறுவர், ஆயராகி முடித்தார் எனலாம்.

பாடாத பறவை

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்துள்ளது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. உவமைகள் மறையவில்லை. இன்று நாளிதழ்களிலும் பேச்சிலும் வழங்கும் புதிய உவமை 'பிராய்லர் கோழி'. விடியற்காலம் முதல் நள்ளிரவு வரை மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளை அடைத்துப் பயிற்றும் விடுதிப் பள்ளிகளைக் குறிக்க மக்களே படைத்த உவமை அது.

பிளேக்கின் கூண்டுப் பறவையோடு இதனை ஒப்பிட்டால், இரண்டு நூற்றாண்டுகளில் நாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பது விளங்கும். பறவையைக் கூண்டில் அடைத்தவன் அதன் பாட்டைக் கேட்க விரும்பினான். அவன் பேதை, ஆனால் பாட்டின் அருமை அறிந்தவன். பிராய்லர் கோழியிடம் எவரும் பாட்டை எதிர்பார்ப்பதில்லை, எடையையே எதிர்பார்க்கிறார்கள். பறவை எவ்வாறு பாடும் என்னும் பிளேக்கின் வினா அப்பண்ணையில் எழவே வழியில்லை. அரும்பு கிள்ளப்படுகிறது என்ற உணர்வாவது இருந்தால் வருத்தம் பிறக்கும். அரும்பே தேவையில்லை என்று முடிவு செய்த இடத்தில் வருத்தமும் இராது.

செட்டிநாடு தந்த குழந்தைக் கவிஞர், இராயவரத்து அழ. வள்ளியப்பா (1922–1989), தம் பாடல் தொகுதிக்கு 'மலரும் உள்ளம்' என்று பெயர் வைத்தார். இரண்டே சொற்கள். பிள்ளையின் உள்ளம் பிறரால் மலர்த்தப்படுவது என்று அவர் சொல்லவில்லை; தானே மலர்வது என்றார். வினைச்சொல்லின் தன்வினை வடிவமே ஒரு கல்விக் கொள்கையாக நிற்கிறது. காத்திருப்பது, நீர் விடுவது, மிகுவெயிலுக்கு நிழல் தருவது ஆகியவை நம் பங்கு. மலர்வது பிள்ளையின் பங்கு.

நம் பள்ளிகளின் ஆசிரியர் அறையிலும், சேர்க்கைக் காலத்தில் நம் வீடுகளிலும் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ உவமைகள் வழங்குகின்றன: பந்தயக் குதிரை, மழுங்கிய கத்தி, எருமை, களிமண். அவற்றை நகைச்சுவை என்று தள்ளிவிடாமல், தொல்காப்பியர் கேட்ட கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்கலாம். இதன் நிலைக்களன் காதலா, கிழக்கிடு பொருளா? காதலில் பிறந்ததாயின் வைத்துக்கொள்வோம். சிங்கமாயினும் பறவையாயினும் செடியாயினும் அது பிள்ளைக்கு நன்மையே செய்யும். இழிவில் பிறந்ததாயின், அச்சொல் நம் வாயில் வரும்போதே நிறுத்திக்கொள்வோம். சொல்லைத் தொடர்ந்து கையும் அவ்வழியே செல்லும்.

பிளேக்கின் பாடல் வினாக்குறியோடு முடிகிறது. அவர் விடை எழுதவில்லை. தாயையும் தந்தையையும் விளித்த அச்சிறுவனுக்கு விடை சொல்லவேண்டியவர்கள் தாயும் தந்தையுமே. பாரதியின் தந்தைக்கு மகனின் கணக்கைக் கேட்கும் வாய்ப்பு அமையவில்லை. கவிதை எழுந்தபோது அவர் உயிரோடில்லை. நமக்கு அவ்வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் நம் வீட்டில் இருக்கிறார்கள், மாலையில் பள்ளி முடிந்து திரும்பி வருகிறார்கள், கேட்டால் சொல்லுவார்கள்.